பிரேக்கர் திறந்தால் மட்டும் வரும் அலாரம்

சப்ஸ்டேஷனில் 110 கேவி ஃபீடர் (மின்பாதை) ஒன்றில் பிரேக்கரைத் திறந்ததும், அதாவது மின்சாரத்தைத் துண்டித்ததும், பாதுகாப்பு ரிலேயில் 'டிரிப் சர்க்யூட் பழுது' (பிரேக்கரைத் திறக்க வைக்கும் சுற்றில் கோளாறு) அலாரம் வரும். அந்த அலாரம் குளோஸ் இன்டர்லாக்கிலும் (பிரேக்கரை மூடவிடாமல் தடுக்கும் ஏற்பாடு) சேர்க்கப்பட்டிருந்ததால் கன்ட்ரோல் ரூமிலிருந்து மறுபடி மூட முடியாது. யார்டுக்குப் போய் லோக்கலில் மூடினால் அலாரமும் போய்விடும். மீட்டரிங் எல்லாம் சரியாகவே இருந்தது.

பிரேக்கரைத் திறக்க வைக்கும் டிரிப் காயிலின் ஓம்ஸ் பார்த்தோம், டெர்மினல்களை முறுக்கினோம், பிரேக்கரோடு சேர்ந்து திறந்து மூடும் துணைக் கான்டாக்டைச் சுத்தம் செய்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. வாரம் வீணானதுதான் மிச்சம்.

துப்பு கிடைத்தது ரிலேயின் ஈவென்ட் லாகில். இந்தச் சுற்றுக்கு டிசி தரும் பேட்டரி, வோல்டேஜ் கூடுதலான பூஸ்ட் சார்ஜில் இருந்த நேரத்தில் மட்டும், பிரேக்கர் திறந்திருந்தும் அலாரம் இல்லை!

இந்த இணைப்பில் ரிலேயின் ஒரே ஒரு பைனரி இன்புட்தான் (வோல்டேஜ் உண்டா இல்லையா என்று மட்டும் பார்ப்பது) டிரிப் காயிலைக் கண்காணிக்கிறது. பிரேக்கர் மூடியிருந்தால் முழு டிசி வோல்டேஜும் இன்புட்டுக்குக் கிடைக்கும். திறந்தால் துணைக் கான்டாக்டுக்கு இணையாகப் போட்ட 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் அந்த வோல்டேஜில் பங்கு கேட்கும். ஃப்ளோட்டில் (பேட்டரியின் வழக்கமான சார்ஜ்) 123 வோல்ட் இருக்க, இன்புட்டில் அளந்தால் 83தான். இன்புட்டின் வரம்போ 88; அதற்குக் கீழே போனால் வோல்டேஜே இல்லை என்று எடுத்துக்கொண்டு அலாரம் தரும். பூஸ்டில் இன்புட்டுக்குக் கிடைப்பது 92 ஆகிவிடும்.

லைன் கிளியர் (லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கி, சிடியை (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஷார்ட் செய்துவிட்டு, ரிலே கார்டில் அந்த ஒரு இன்புட்டின் ஜம்பரை மட்டும் 19 வோல்ட்டுக்கு மாற்றினோம். மற்றவற்றைத் தொடவில்லை, குறைந்த வரம்பில் டிசி எர்த் (டிசி வயர் மண்ணோடு தொடுவது) வந்தால் பொய் சிக்னல் கிளம்பும். அப்புறம் சோதனைக்காக டிரிப் வயரைக் கழற்றிப் பார்த்தோம், அலாரம் ஒழுங்காக வந்தது. இப்போது ரிமோட்டிலேயே மூடுகிறது.