ஃபாக் லைட்டை எப்போது போடுவது, எப்போது அணைப்பது: புதிதாக மலையேறுபவர்களுக்கு

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் ஒரு டீக்கடை. கார் வாங்கி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். பின்னாலேயே வந்த மினி லாரியும் நின்றது. அதன் டிரைவர் டீயை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, பின்னாடி எரியுதே செவப்பு லைட்டு, அதைக் கொஞ்சம் ஆஃப் பண்ணிருங்க. பனி விட்டு ஏழெட்டு கிலோமீட்டர் ஆச்சு. நீங்க பிரேக் புடிக்கறதே எனக்குத் தெரிய மாட்டேங்குது."

அதுதான் பின் ஃபாக் லைட், மூடுபனிக்கென்றே உள்ள விளக்கு. அப்படி ஒரு லைட் என் வண்டியில் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மேலே மூடுபனியில் பயந்துபோய், கைக்கு வந்த வளையத்தைத் திருகியிருக்கிறேன். முன்னால் ஒரு கிளிக், பின்னால் ஒரு கிளிக், இரண்டும் எரிந்திருக்கின்றன. நான் அப்படியே மலையிறங்கிவிட்டேன். அந்த அசட்டுத்தனம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்த விளக்கம்.

முதலில், நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து பாருங்கள்

மலைக்குக் கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே இதைச் செய்துவிடலாம். இண்டிகேட்டர் போடும் தண்டின் நடுவில் சுழலும் வளையமாகவோ, டேஷ்போர்டில் தனி பட்டனாகவோ ஃபாக் லைட் சுவிட்ச் இருக்கும். சில வண்டிகளில் பார்க்கிங் லைட்டோ ஹெட்லைட்டோ எரிந்தால்தான் அது வேலை செய்யும். அதனால் முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மீட்டர் பக்கம் பாருங்கள். முன் ஃபாக் லைட் எரிந்தால் பச்சை நிறக் குறி வரும்: விளக்கு, அதிலிருந்து இடப்பக்கமாகச் சரிந்து இறங்கும் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் ஒரு நெளி கோடு. பின் ஃபாக் லைட்டுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள் குறி. அதில் கோடுகள் வலப்பக்கம் நேராகப் போகும், நெளி கோடு அங்கும் உண்டு. நெளி கோடு இருந்தால் ஃபாக் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பச்சை என்றால் முன், மஞ்சள் என்றால் பின்.

அப்புறம் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் முன் ஃபாக் லைட்டே இருக்காது. அந்த இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி மட்டும் இருக்கும். பின்னால் ஒரே ஒரு ஃபாக் லைட் இருந்தால், இடப்பக்கமாக ஓட்டும் நம் ஊரில் அது வலப்பக்கம் இருக்கும். 'ஒரு பக்கம்தான் எரியுது, பல்பு போச்சு' என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம்.

சுவரில் ஒரு சோதனை

இரவில் ஒரு வெள்ளைச் சுவருக்கு எதிரே பத்தடி தள்ளி நிறுத்துங்கள். முதலில் ஹை பீம். சுவர் முழுக்க வெளிச்சம். அடுத்து டிம். வெளிச்சம் கொஞ்சம் கீழே இறங்கும். இப்போது ஃபாக் லைட்டையும் போடுங்கள். முழங்கால் உயரத்துக்கு, அகலமாக, ஒரு பட்டை விழும். அதன் மேல் விளிம்பு மட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும்.

அந்தக் கோட்டில்தான் எல்லாமே இருக்கிறது. மூடுபனி என்பது தரையை ஒட்டி மிதக்கும் மிக நுண்ணிய நீர்த்துளிகள். ஹை பீமைப் போட்டால் அத்தனை துளிகளும் வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். சாலை போய், எதிரே ஒரு வெள்ளைத் திரை வந்துவிடும். ஃபாக் லைட் பம்பரின் கீழ்ப்பகுதியில் இருப்பதாலும், மேலே வெளிச்சத்தை விடாததாலும், உங்கள் பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே அந்தத் திரை அவ்வளவாக எழுவதில்லை. பக்கத்து வெள்ளைக் கோடு, சாலையின் விளிம்பு, வளைவின் உள்பக்கம் இவை தெரியும். அவ்வளவுதான். தூரத்தைக் காட்ட அது செய்யப்படவே இல்லை. தெளிவான இரவில் ஃபாக் லைட் போட்டால் முன்னால் பத்திருபது மீட்டர் பளிச்சென்று இருக்கும். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகி, அதற்கு அப்பாலுள்ள இருட்டில் எதையும் பார்க்காது. கூடுதல் வெளிச்சம் போட்டு, குறைவாகப் பார்ப்பதுதான் மிச்சம்.

'மஞ்சள் லைட்தான் பனியைக் கிழிக்கும்' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் சிலருக்குக் கண் கூசாமல் இருக்கலாம், அது வேறு விஷயம். லைட்டின் உயரமும் அந்த நேர்க்கோடும்தான் முக்கியம்.

எப்போது போடுவது

வானிலைக் கணக்கில் 1 கிலோமீட்டருக்குள் பார்வை குறைந்தாலே அது மூடுபனி. ஆனால் 800 மீட்டர் தெரியும்போது ஃபாக் லைட்டுக்கு வேலை இல்லை. பிரிட்டனின் சாலை விதிக் கையேடு, பொதுவாக 100 மீட்டருக்கு மேல் தெரியாவிட்டால்தான் பார்வை 'கடுமையாகக் குறைந்தது' என்கிறது. அப்போது மட்டும் ஃபாக் லைட் போடலாம், பனி விலகியதும் அணைத்தே ஆக வேண்டும். ஜெர்மனியில் பின் ஃபாக் லைட்டுக்கு இன்னும் கறார்: மூடுபனியால் பார்வை 50 மீட்டருக்குள் குறைந்தால் மட்டுமே. அப்படிக் குறைந்தால் வேகமும் 50 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எண்களையும் நான் ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, ஓடுகிற வண்டியில் 100 மீட்டரை எப்படி அளப்பது? நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எழுதிய சின்னக் கற்கள் இருக்கும். 200 மீட்டருக்கு ஒன்று. அதில் பாதி. கல் இல்லாத இடத்தில், முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு எந்த இடத்தில் மறைகிறது என்று குறித்துக்கொண்டு, நீங்கள் அங்கே போய்ச்சேர எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். 40 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் போவீர்கள். ஒன்பது எண்ணுவதற்குள் அந்த இடம் வந்துவிட்டால் 100 மீட்டருக்குக் குறைவு. முன் ஃபாக் லைட்டைப் போடுங்கள். நான்கு எண்ணுவதற்குள் வந்துவிட்டால் பின் ஃபாக் லைட்டையும்.

மலையில்தான் என்று இல்லை. மார்கழி விடியலில் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமும், போகி காலையில் புகையும் பனியும் சேர்ந்துகொள்ளும் சென்னையிலும் இதே கணக்குதான். கொட்டும் மழையில் முன் ஃபாக் லைட் ஓரளவு உதவும். பின் ஃபாக் லைட் வேண்டாம். ஈரச் சாலையில் அதன் சிவப்பு பிரதிபலித்து, பின்னால் வருபவரின் கண்ணைக் குத்தும்.

போட்ட பிறகு எப்படி ஓட்டுவது

ஹெட்லைட் டிம்மில், கூடவே ஃபாக் லைட். ஃபாக் லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். வேகத்தை, தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற அளவுக்குக் குறையுங்கள். ஈரச் சாலையில் தோராயமாக, 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஆபத்தைக் கண்டு பிரேக் அழுத்தி நிற்க 60 மீட்டர் ஆகும். 40 கி.மீ. என்றால் 32 மீட்டர், 30 என்றால் இருபது சொச்சம். கொண்டை ஊசி வளைவில் 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால், எந்த லைட் எரிந்தாலும் 30கூட அதிகம்தான்.

இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போங்கள். முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பி ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். வளைவில் ஹாரன். ஏறி வரும் வண்டிக்கு வழி. இறங்கும்போது இரண்டாவது கியர். ஒரு சின்ன விஷயம்: பாதி நேரம் நாம் பனி என்று நினைப்பது கண்ணாடியின் உள்பக்கம் படிந்த ஆவி. விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால் ஏசி காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் போதும்.

அப்புறம், நான்கு இண்டிகேட்டரும் மின்ன ஹசார்டு போட்டுக்கொண்டு மலையேறும் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். நீங்கள் ஓடுகிறீர்களா நிற்கிறீர்களா, எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஹசார்டு நின்றுபோன வண்டிக்கு. முடியவே இல்லை என்றால் சாலையை விட்டு முழுவதும் இறங்கி நிறுத்தி, அப்போது போடுங்கள்.

அணைப்பது

அந்த லாரிக்காரர் சொன்னது இதைத்தான். சாதாரண டெயில் லைட்டின் பிரகாசம் 4 கேண்டெலாவிலிருந்து (ஒளிச்செறிவை அளக்கும் அலகு) தொடங்கும். பின் ஃபாக் லைட்டுக்கு ஐ.நா. வாகன விதிப்படி குறைந்தது 150 கேண்டெலா இருக்க வேண்டும். ஏறக்குறைய பிரேக் லைட் அளவு. அது எரியும்போது பிரேக் லைட் அதில் கரைந்துபோகிறது. எனவே, பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் உங்கள் கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தால், அவருக்கும் நீங்கள் தெரிகிறீர்கள். பின் ஃபாக் லைட்டை அணைத்துவிடுங்கள். 100 மீட்டருக்கு மேல் சாலை தெரிந்ததும் முன் ஃபாக் லைட்டையும். மலையில் பனி ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. கை அந்த வளையத்தில் பல முறை போய் வர வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆவது விதி, இருட்டிய பிறகு மட்டுமல்ல, போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் விளக்குகள் எரிய வேண்டும் என்கிறது. பகல் பதினொரு மணிக்கு தொட்டபெட்டாவில் பனி இறங்கினாலும் ஹெட்லைட் போட்டே ஆக வேண்டும். 106ஆவது விதி கண்கூச வைப்பதைப் பற்றியது, வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒருவரை லைட்டுக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அவருக்குக் கண் கூசக் கூடாது. கூசினால் லைட் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 111ஆவது விதிப்படி, முன் அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கக் கூடாது.

கடையில் 'ஃபாக் லைட்' என்று சொல்லி விற்கும் எல்.இ.டி. பார்களையும், பைக் கிராஷ் கார்டில் மாட்டும் குட்டி லைட்டுகளையும் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் அந்த நேர்க்கோடு கிடையாது, வெளிச்சம் நாலா பக்கமும் தெறிக்கும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. கம்பெனியே உங்கள் மாடலுக்கென்று கொடுக்கும் ஃபாக் லைட் செட்டை வாங்கி, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ரிலே (சுவிட்சின் சிறு மின்சாரத்தால் லைட்டின் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சாதனம்) வைத்து மாட்டச் சொல்லுங்கள்.

பம்பரைக் கழற்றி மாட்டும் வேலை எதுவானாலும், அன்று இரவே மறுபடி அந்தச் சுவருக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். போன வருடம் பெயின்ட் வேலை முடிந்து வந்தபோது, என் வண்டியின் வலது ஃபாக் லைட் தெருவை விட்டுவிட்டு எதிர்வீட்டு முருங்கை மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்த ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் திருகியதும் கோடு முழங்காலுக்கு இறங்கியது.