கிளஸ்டர் சர்வரில் பொதுக் கோப்புறை திறக்கவில்லையா? பெயரிலிருந்து தேடத் தொடங்குங்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, ஒரு திங்கட்கிழமை காலையில் கட்டிங் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. மேசையில் துணி விரித்தாகிவிட்டது; துணியில் வெட்ட வேண்டிய வடிவங்கள் அடங்கிய மார்க்கர் கோப்பு மட்டும் திறக்க மறுத்தது. "சர்வரே போயிருச்சுங்க" என்றார் கட்டிங் மாஸ்டர். சர்வர் எங்கும் போகவில்லை. அதே கோப்புறை மெர்ச்சன்டைசிங் பிரிவில் தடையின்றித் திறந்துகொண்டிருந்தது. முந்தைய நாள்தான் பழைய சர்வரை அணைத்துவிட்டு, கோப்புகளையெல்லாம் இரண்டு சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டருக்கு மாற்றியிருந்தோம். கட்டிங் பிரிவின் கணினி மட்டும் சரியான பெயரைக் கேட்டுத் தவறான விலாசத்தைப் பெற்றுக்கொண்டிருந்தது.

இத்தகைய கோளாற்றைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறையை, விண்டோஸ் சர்வரில் டிஎஃப்எஸ் பகிர்வும் (பல சர்வர்களின் கோப்புறைகளை ஒரே பாதையின் கீழ் காட்டும் வசதி) ஃபெயில்ஓவர் கிளஸ்டரும் (ஒரு சர்வர் நின்றால் மற்றது வேலையை ஏற்கும் அமைப்பு) வைத்திருக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தை மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே அடிக்க வேண்டும்.

ஒரு பாதைக்குள் எத்தனை பெயர்கள்

நிறுவனக் கணினிகளெல்லாம் சேர்ந்திருக்கும் டொமைனின் பெயர் ஆலை.லோக்கல் என்றும், டிஎஃப்எஸ் பாதைகள் தொடங்கும் பெயர்வெளி 'பொது' என்றும் வைத்துக்கொள்வோம். கிளஸ்டரில் முனை1 (192.168.10.21), முனை2 (192.168.10.22) என்ற இரண்டு சர்வர்கள் உள்ளன. கோப்புகளை வழங்கும் ரோலுக்குக் (கிளஸ்டர் செய்யும் வேலைக்குக்) 'கோப்பு1' என்ற தனிப் பெயரும் 192.168.10.40 என்ற தனி ஐபியும் உண்டு. இந்தப் பெயரும் ஐபியும் எந்த முனைக்கும் சொந்தமல்ல; ரோல் எந்த முனையில் ஓடுகிறதோ அங்கே கூடவே போகும்.

எங்கள் கொங்குப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவரைத் தேடிப் போகிறவர் முதலில் ஊரை விசாரிப்பார், பிறகு தோட்டத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்பார், தோட்டத்துக்குள் போன பிறகுதான் ஆளைக் கேட்பார். பயனர் '\\ஆலை.லோக்கல்\பொது\மார்க்கர்' என்று திறக்கும்போதும் இப்படித்தான் நடக்கிறது. கணினி முதலில் ஆலை.லோக்கல் எங்கே என்று, பெயருக்கு ஐபி விலாசம் சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. அங்கே போனதும், 'நீ தேடும் மார்க்கர் உண்மையில் \\கோப்பு1\மார்க்கர்' என்ற பரிந்துரையை டிஎஃப்எஸ் தருகிறது. அதன் பிறகு கோப்பு1 எங்கே என்று கணினி மீண்டும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. ஊர் கிடைத்துத் தோட்டம் கிடைக்காமல் போகலாம் என்பதால், எந்த விசாரிப்பில் வழி தவறியது என்று தெரிந்துகொள்வதற்கு முன் எதையும் மாற்றக் கூடாது.

முதல் படி: கோளாறு உள்ள கணினியிலேயே உட்காருங்கள்

சர்வரில் ரிமோட்டாக நுழைந்து, அங்கே கோப்புறை திறப்பதைப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று சொல்வது நம் தொழிலில் பரவலாக உள்ள கெட்ட பழக்கம். பெயரைத் தேடுவது பயனரின் கணினி; ஆகவே சோதனையும் அங்கேதான் நடக்க வேண்டும். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'நெட் யூஸ்' கட்டளையோடு பாதையைக் கொடுத்து, வரும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 53 என்றால், பெயருக்கு விலாசம் கிடைக்கவில்லை அல்லது கிடைத்த விலாசத்தை எட்ட முடியவில்லை. 67 என்றால், பெரும்பாலும் சர்வரை எட்டிவிட்டது, அந்தப் பெயரில் பகிர்வுதான் அங்கே இல்லை. 5 என்றால் அனுமதிச் சிக்கல். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

இரண்டாம் படி: கணினி யாரிடம் வழி கேட்கிறது

'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்று அடித்து, டிஎன்எஸ் சர்வர்கள் என்ற பகுதியைப் பாருங்கள். டொமைனில் சேர்ந்த கணினியில் அங்கே நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ் சர்வர்களின் ஐபிகள் மட்டுமே இருக்க வேண்டும். சிறு நிறுவனங்களில் நான் கண்ட கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு பகுதியிலேயே முடிந்திருக்கின்றன. 'ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும்' என்ற நல்லெண்ணத்தோடு யாரோ இரண்டாவது வரியில் 8.8.8.8 என்ற வெளி டிஎன்எஸ்ஸைப் போட்டிருப்பார்கள்; அல்லது பிராட்பேண்ட் ரவுட்டரே ஐபி வழங்கும் வேலையையும் எடுத்துக்கொண்டு, தன்னையே டிஎன்எஸ்ஸாக அறிவித்திருக்கும். மின்வெட்டில் உள் டிஎன்எஸ் சர்வர் ஒரு நிமிடம் பதில் சொல்லாமல் இருந்தால் போதும், கணினி இரண்டாவது வரிக்குத் தாவிவிடும். வெளியுலக டிஎன்எஸ்ஸுக்கு ஆலை.லோக்கல் என்ற ஊரே தெரியாது; 'அப்படியொரு பெயர் இல்லை' என்று அது உறுதியாகச் சொல்லிவிடும், கணினியும் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு வேறு யாரிடமும் கேட்காது. உள் சர்வர் எழுந்து உட்கார்ந்த பிறகும் கணினி சிறிது நேரம் இரண்டாவதையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால், 'காலையில் வராது, மதியம் தானாக வந்துவிடும்' என்ற வகைப் புகார்கள் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கின்றன. வெளி டிஎன்எஸ் தேவையென்றால், அதை உள் டிஎன்எஸ் சர்வரில் ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாத பெயர்களை அது கேட்டறியும் இடமாக) கொடுக்க வேண்டும்; பயனரின் கணினியில் கொடுக்கக் கூடாது.

டிசைன் பிரிவில் மேக் கணினிகள் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். '.லோக்கல்' என்று முடியும் பெயர்களை மேக் கணினி தன் அக்கம்பக்கக் கருவிகளிடம் நேரடியாகக் கேட்கப் பழகியது. புதிதாக டொமைன் அமைப்பவர்கள் '.லோக்கல்' என்று முடியும் பெயரைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாம் படி: ஒரே பெயரை இரண்டு விதமாகக் கேளுங்கள்

முதலில் 'என்எஸ்லுக்கப் கோப்பு1.ஆலை.லோக்கல்', பிறகு 'பிங் கோப்பு1' என்று அடியுங்கள். என்எஸ்லுக்கப் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும்; பெயரையும் ஐபியையும் கையால் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் கணினியின் நினைவிலுள்ள பழைய விடைகளையும் அது பொருட்படுத்தாது. பிங் அவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும். பிங்குக்குப் பதில் வருகிறதா என்பது இங்கே முக்கியமில்லை, ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம். முதல் வரியில் எந்த ஐபியைக் காட்டுகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

அன்று கட்டிங் கணினியில் என்எஸ்லுக்கப் 192.168.10.40 என்றது, பிங்கின் முதல் வரியோ 192.168.10.5 என்றது. அது ஞாயிற்றுக்கிழமை அணைத்துவைத்த, இதே பெயரில் இருந்த பழைய சர்வரின் ஐபி. சிஸ்டம்32 கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று இறங்கி ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தபோது, கடைசி வரியில் அந்த ஐபியும் கோப்பு1 என்ற பெயரும் இருந்தன. மூன்றாண்டுகளுக்கு முன் டிஎன்எஸ் தகராறு செய்த ஒரு மாலையில், அவசரத்துக்காக அந்த வரியை எழுதியவன் நான்தான். வரியை நீக்கி, 'ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்' கொடுத்ததும் மார்க்கர் திறந்தது.

இரண்டு கட்டளைகளும் ஒரே தவறான ஐபியைக் காட்டினால், கணினியை விட்டுவிட்டு டிஎன்எஸ் பதிவைப் பாருங்கள் (ஐந்தாம் படி). இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

நான்காம் படி: டிஎஃப்எஸ் எந்த விலாசத்தைத் தருகிறது

கோப்புறையின் பண்புகளில் டிஎஃப்எஸ் என்றொரு தாவல் இருக்கும்; கணினி இப்போது எந்தச் சர்வரைப் பயன்படுத்துகிறது என்பதை அது காட்டும். அங்கே '\\முனை1\மார்க்கர்' என்று இருந்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது. கிளஸ்டர் பகிர்வு ரோலின் பெயருக்குக் கீழேதான் கிடைக்கும், முனையின் பெயரில் தேடினால் கிடைக்காது. எனவே டிஎஃப்எஸ் மேலாண்மையில் இலக்கை \\கோப்பு1.ஆலை.லோக்கல்\மார்க்கர் என்று திருத்த வேண்டும்.

பரிந்துரையில் கோப்பு1 என்ற குறும்பெயர் மட்டும் வருவதும் தொல்லைதான். பெருந்துறைக் கிளையிலிருந்து விபிஎன் (இணையம் வழியான தனி இணைப்பு) வழியாக வரும் கணினியில் ஆலை.லோக்கல் என்ற பின்னொட்டு அமைக்கப்படவில்லை என்றால், அதற்குக் குறும்பெயரின் முழுப்பெயர் தெரியாது. இலக்குகளையெல்லாம் முழுப்பெயரில் கொடுத்து, பெயர்வெளிச் சர்வரும் முழுப்பெயரிலேயே பரிந்துரை தரும்படி அமைத்துவிடுவதே நிலையான தீர்வு. மாற்றிய உடனே பலன் தெரியாது. கோப்புறைப் பரிந்துரையைக் கணினி இயல்பாக 1800 விநாடி நினைவில் வைத்திருக்கும். காத்திருக்க முடியாதென்றால், 'டிஎஃப்எஸ்யுடில் கேஷ் ரெஃபரல் ஃபிளஷ்' கட்டளை அதை அழித்துவிடும்.

ஐந்தாம் படி: கிளஸ்டர் தன் பெயரைப் பதிந்ததா

டிஎன்எஸ் பதிவே தவறாக இருந்தால், ஃபெயில்ஓவர் கிளஸ்டர் மேலாளரில் நிகழ்வுகளைத் திறந்து 1196 என்ற எண்ணைத் தேடுங்கள். கிளஸ்டர் தன் பெயரை டிஎன்எஸ்ஸில் பதிய முயன்று தோற்றது என்பதே அதன் பொருள். கோப்பு1 பதிவை யாரோ முன்னமே கையால் உருவாக்கியிருந்தால், அதைத் திருத்தும் உரிமை கிளஸ்டரின் கணினிக் கணக்குக்கு இருக்காது. பதிவின் பாதுகாப்புத் தாவலில் அந்தக் கணக்குக்கு எழுதும் அனுமதி கொடுங்கள், அல்லது பதிவை நீக்கிவிட்டு கிளஸ்டரையே புதிதாகப் பதியவிடுங்கள். பவர்ஷெல்லில் 'அப்டேட்-கிளஸ்டர்நெட்வொர்க்நேம்ரிசோர்ஸ்' என்ற கட்டளை, ரோலை நிறுத்தாமலேயே பெயரை மறுபடியும் பதியும்.

இரு முனைகளும் ஒரே சப்நெட்டில் (ஐபி வலைப்பிரிவில்) இருந்தால், ரோல் முனை மாறும்போது டிஎன்எஸ்ஸில் எதுவும் மாறாது, 192.168.10.40 அப்படியே அடுத்த முனைக்குப் போய்விடும். ஆகவே, அந்த அமைப்பில் 'ரோல் மாறியதால் டிஎன்எஸ் குழம்பிவிட்டது' என்ற விளக்கத்தை நம்ப வேண்டாம். ஒரு முனை திருப்பூரிலும் மற்றது பெருந்துறையிலும் வெவ்வேறு சப்நெட்டுகளில் இருந்தால் கதை வேறு. அப்போது ஐபியே மாறும். கணினிகளோ பழைய ஐபியை 1200 விநாடி, அதாவது இருபது நிமிடம் வரை பிடித்துக்கொண்டிருக்கும். ரோலின் பெயர் வளத்தில் ஹோஸ்ட்ரெக்கார்ட்டிடிஎல் அளவை (ஐபியை நினைவில் வைக்கும் விநாடிகளை) 300 ஆகக் குறைத்தால் அந்தக் காத்திருப்பு ஐந்து நிமிடமாகும். புதிய அளவு நடைமுறைக்கு வர, பெயர் வளத்தை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும்.

ஆறாம் படி: மாற்றிப் பாருங்கள்

இந்தச் சோதனையைக் கட்டிங் மேசை காலியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவையுங்கள். ரோலை முனை2-க்கு நகர்த்தி, பயனரின் கணினியில் கோப்புறையைத் திறந்து, ஒரு சிறு கோப்பைச் சேமித்துப் பாருங்கள். மீண்டும் முனை1-க்குக் கொண்டுவந்து அதையே செய்யுங்கள். இரண்டு முறையும் முழுப் பாதை திறந்து, பிங்கின் முதல் வரி 192.168.10.40 என்றே காட்டினால், கணினியை அணைத்து அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம்.