கிண்டியா, காக்களூரா? ஊர்த் தொழிலை வளர்க்கப் போய் நாம் சறுக்கும் இடங்கள்

திருவொற்றியூரில் ஒரு வியாபாரிகள் சங்கக் கூட்டம். கடன் மானியத்துக்குப் போட்ட மனு ஏன் திரும்பி வந்தது என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. ஆளாளுக்கு ஒரு அதிகாரியைத் திட்டினார்கள். கடைசியில் ஒரு அக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மாவட்டம் என்ற இடத்தில் 'திருவள்ளூர்' என்று போட்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

நம் பக்கத்தில் இது சகஜம். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி மூன்றும் தனித்தனி நகராட்சிகளாக இருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. ஆனால் 2018 ஜனவரியில் சென்னை மாவட்டம் விரிவாகும்வரை வருவாய்க் கணக்கில் திருவொற்றியூர் திருவள்ளூர் மாவட்டம்தான். ஏழு வருடப் பழக்கம் லேசில் போகுமா? இப்போது திருவொற்றியூர்க்காரர் தொழில் வணிகத் துறையைப் பார்க்க வேண்டிய இடம் கிண்டித் தொழிற்பேட்டை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் போய்விடலாம். மீஞ்சூர், பொன்னேரிக்காரர் போக வேண்டியது காக்களூரில் உள்ள மாவட்டத் தொழில் மையம். ஒரே ஆற்றில் மீன் பிடித்தாலும் எண்ணூர் ஒரு மாவட்டம், எதிர்க்கரை அத்திப்பட்டு வேறு மாவட்டம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினால், எந்த முகவரியில் பதிவு செய்வது என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்த சறுக்கல் நிலம். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களுக்குக் கூரை வேண்டும் என்றால் நேராகக் கவுன்சிலரிடம் போகிறோம். மீன்பிடித் துறைமுகம் இருப்பதோ சென்னைத் துறைமுகத்தின் இடத்தில். படகு, வலை, மானியம் எல்லாம் மீன்வளத் துறை. வெளியே சாலையும் குப்பையும் மாநகராட்சி. கவுன்சிலர் நல்லவராகவே இருக்கட்டும், அடுத்தவர் இடத்தில் அவரால் ஒரு தகரம் போட முடியாது. வடசென்னையில் காலி இடமாகக் கண்ணில் படுவது ரயில்வேயினுடையதாக இருக்கலாம், கோயில் நிலமாக இருக்கலாம், வீட்டு வசதி வாரியத்தினுடையதாகவும் இருக்கலாம். யாருடையது என்று விசாரித்து, தடையின்மைச் சான்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அப்புறம் வரைபடம் போடலாம். நாம் பெரும்பாலும் வரைபடத்தை பிளெக்ஸாக அடித்து மாட்டிவிட்டுத்தான் விசாரிக்கவே போகிறோம்.

நடைபாதைக் கடைக்காரர்கள் தங்களுக்கு இருக்கும் பிடியைப் பயன்படுத்துவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைகிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெருவில் விற்கலாம், எங்கே கூடாது என்பதில் அந்தக் குழுவின் பேச்சுக்கு இடமுண்டு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடில் தீபாவளிக்கு முந்தின வாரம் கடையைத் தூக்கச் சொல்லும்போது கூட்டமாகப் போய்க் கெஞ்சுகிறோமே, அதற்கு ஆறு மாதம் முன்பே அந்தக் குழுவில் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

மானியம் என்றதும் கையில் ரொக்கமாக வரும் என்று நம்புவதும் ஒரு தவறு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் அந்தப் பணம் மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர்கள் வட்டிக்கடையில்தான் நின்றார்கள்.

சரி, பெரிய ஆலைகளிடம் கேட்பதற்கு வருவோம். மணலி, எண்ணூரைச் சுற்றி ஆலைக்குப் பஞ்சமில்லை, புகைக்கும் பஞ்சமில்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும், சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். சட்டம் நம் பக்கம்தான். நாம் கேட்கும் விதம்தான் கோணல். கேரம் போட்டிக்குக் கோப்பை, ஆண்டுவிழாவுக்குப் பந்தல் என்று கேட்டால் அது இந்தக் கணக்கில் வராது. பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கக் குத்துச்சண்டைப் பயிற்சி என்றால் இடமுண்டு. தையல், வெல்டிங் மாதிரியான தொழில் பயிற்சிக்கும் உண்டு.

இரண்டாவது, காகிதம். சங்கப் பதிவு இருந்தால் போதும் என்று நினைத்துப் போகிறோம். பணத்தை வாங்கிச் செலவு செய்யும் அமைப்புக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 என்ற பதிவு எண்ணும் வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே இவையெல்லாம் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து போகலாம். அதிலும் கணக்கு யார் கையில் என்று எழுதிக்கொள்ளாமல் சேராதீர்கள், நட்பும் போகும் பணமும் போகும். மூன்றாவது, காலம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அந்த வருடத் திட்டமும் அதையொட்டியே முடிவாகிறது. பிப்ரவரி கடைசியில் மனுவோடு போய் நின்றால் மிஞ்சிய பணத்தில் ஒரு மெஷின் கிடைக்கலாம். அது நமக்கு வேண்டிய மெஷினாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் அப்படித்தான் ஆனது. மகளிர் குழு கேட்டது நெத்திலி காயப் போட நாலு உயரமான கம்பிவலை மேடையும், மழைக்கு மூடத் தார்ப்பாயும். மணலில் காய்ந்தால் நறநறவென்று கடிபடும், கடைக்காரர் விலையைக் குறைப்பார். வந்ததோ பெரிய மின் டிரையர். மாலை போட்டு, போட்டோ எடுத்து, கொடுத்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி பிளக்கைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு த்ரீ பேஸ் வேணும்" என்றார். மெஷின் வைத்த கூடத்துக்கு இருந்ததோ வீட்டு இணைப்பு. புதிய இணைப்புக்குக் கட்டடத்தின் உரிமைக் காகிதம் கேட்டார்கள். கட்டடம் ஊர்ப் பஞ்சாயத்தாருடையது, பத்திரம் யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. டெபாசிட் யார் கட்டுவது, மாதா மாதம் ஈ.பி. பில் யார் கட்டுவது என்று எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை. மனு எழுதிக் கொடுத்தவன் நான், நானும் கேட்கவில்லை.

இணைப்பு கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. டிரையருக்கு வாரன்டி ஒரு வருடம். அதுவரை அதன் மேல் தட்டில்தான் சென்னாக்குன்னி காய்ந்துகொண்டிருந்தது, வெயிலில்.