துயர நாளின் நினைவு ஆண்டு: பள்ளியிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பள்ளியை உலுக்கிய துயரம் நடந்து ஓராண்டு நிறையப்போகிறது என்றால், பெரியவர்கள் நாட்காட்டியைப் பார்த்து அந்த ஒரு நாளுக்காக ஏற்பாடு செய்யத் தொடங்குவார்கள். பிள்ளைகளுக்கோ அது பல வாரங்கள் முன்பே தொடங்கிவிடும். காலையில் வயிற்றுவலி, இரவில் தூக்கமின்மை, சின்னச் சின்ன விஷயத்துக்கும் கோபம், நன்றாகப் படித்த பாடத்தில் திடீர்த் தடுமாற்றம் எனப் பல வடிவங்களில் வெளிப்படும் இந்த நிலையை உளவியலாளர்கள் நினைவுநாள் எதிர்வினை என்கிறார்கள். தேதியே நினைவில் இல்லாத குழந்தைக்குக்கூட, அதே பருவத்து வெயிலோ மழையோ, அதே தேர்வு நெருக்கடியோ பழைய பயத்தைக் கிளறிவிடக்கூடும். இதைச் சோம்பல் என்றும் நடிப்பு என்றும் கண்டிப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது மௌனம். நாம் பேசாமல் இருந்தால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நம்புகிறோம். அவர்கள் மறப்பதில்லை, இது பெரியவர்களிடம் பேசக்கூடாத செய்தி என்று மட்டும் புரிந்துகொண்டு, தங்களுக்குள் வதந்தியும் கற்பனையுமாகப் பேசிக்கொள்வார்கள்.

மௌனத்துக்கு நேர்மாறாக, முன்னறிவிப்பே இல்லாமல் பெரிய அஞ்சலி நிகழ்ச்சி நடத்துவதையும் நான் தவறென்றே சொல்வேன். காலைக் கூட்டத்துக்கு வழக்கம்போல வரிசையில் வந்து நின்ற எட்டு வயதுப் பிள்ளை, மேடையில் மாலையிட்ட தன் தோழியின் படத்தைத் திடீரென்று பார்க்கிறது என்று எண்ணிப்பாருங்கள். மௌன அஞ்சலி முடிந்து எல்லோரும் வகுப்புக்கு நகர்ந்த பிறகும் அந்தப் பிள்ளை புத்தகப்பையை மார்போடு அணைத்தபடி அங்கேயே நிற்கும். அந்த அதிர்ச்சியைத் தவிர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை: ஒரு வாரம் முன்பே வகுப்பாசிரியர் தன் வகுப்பில் நின்று, என்ன நடக்கும், யார் பேசுவார்கள், எத்தனை நிமிடம் நீடிக்கும் என்பதைச் சொல்லிவிட்டு, கலந்துகொள்ள விரும்பாதவர்கள் நூலகத்தில் ஓர் ஆசிரியரோடு இருக்கலாம் என்றும், அதற்காக யாரும் அவர்களைத் தவறாக நினைக்கமாட்டார்கள் என்றும் சொன்னால் போதும். பெற்றோருக்கும் அதே தகவல் போய்ச்சேர வேண்டும்.

உறவினரை இழந்த மாணவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அண்ணனை இழந்த சிறுவனை, கேட்காமலே மேடைக்கு அழைத்து விளக்கேற்ற வைப்பது அன்பாகத் தோன்றலாம். ஆனால் அவன் அன்று முழுவதும் அத்தனை பேர் பார்வைக்கும் நடுவே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். பெயரைச் சொல்லலாமா, படம் வைக்கலாமா, அன்று பள்ளிக்கு வர விருப்பமா என்று குடும்பத்தையும் அவனையும் தனியாகக் கேட்க வேண்டும். ஒத்துக்கொண்ட பிறகு கடைசி நிமிடத்தில் அவன் மனம் மாறினாலும் அதை அப்படியே ஏற்க வேண்டும்.

பழைய காணொளிகளை வகுப்பிலோ வீட்டிலோ ஓடவிடுவதும் தீங்கானது. 1995-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வுகளில், அந்தச் செய்திகளைத் தொலைக்காட்சியில் அதிகம் பார்த்த பிள்ளைகளிடம் மன அதிர்ச்சியின் அறிகுறிகளும் அதிகமாகக் காணப்பட்டன. மிகச் சிறிய குழந்தைகளோ, மறுபடி காட்டப்படும் காட்சியைப் பார்த்து, அது இப்போதுதான் மீண்டும் நடக்கிறது என்றே எண்ணிவிடக்கூடும்.

சிறு வகுப்புகளில் சொற்களும் காயப்படுத்தும். இறப்பு மீள முடியாதது, எல்லோருக்கும் வருவது என்ற புரிதல் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் படிப்படியாக உருவாகிறது. அதற்குள் "தூங்கிவிட்டான்" என்று சொன்னால் குழந்தை தூக்கத்துக்கே பயப்படும். "கடவுளுக்குப் பிடித்தவர்களை அழைத்துக்கொள்வார்" என்றால், தானும் அவருக்குப் பிடித்துவிடுவோமோ என்று அஞ்சும். "இறந்துவிட்டான், உடல் இயங்காது, திரும்பி வரமாட்டான்" என்று மென்மையாக, நேராகச் சொல்வதே நல்லது.

மனதில் உள்ளதைக் கொட்டினால்தான் ஆறும் என்று வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரையும் பேசச் சொல்லாதீர்கள். துயரத்தைச் சந்தித்தவர்களை உடனே அமர்த்தி நடந்ததையெல்லாம் விவரிக்க வைக்கும் முறையை உலக சுகாதார அமைப்பே பரிந்துரைப்பதில்லை. ஓராண்டுக்குப் பிறகும் அதே எச்சரிக்கை பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். வரையலாம், கடிதம் எழுதலாம், சும்மா உட்கார்ந்திருக்கலாம். அஞ்சலி முடிந்த பத்தாவது நிமிடத்தில் மைதானத்தில் சிரித்து ஓடினால் அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். பிள்ளைகள் துக்கத்தைத் தவணை தவணையாகத்தான் தாங்குவார்கள். ஆசிரியரின் குரல் தழுதழுத்தாலும் தவறில்லை, ஆனால் அவரைத் தேற்றும் பொறுப்பு மாணவர்கள் தலையில் விழக்கூடாது.

நினைவு நாள் கடந்து சில வாரங்கள் ஆகியும் பயமும் தூக்கமின்மையும் குறையவில்லை என்றால் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். "நானும் போய்விடலாம் போலிருக்கிறது" என்று ஒரு மாணவர் சொன்னால், அதைப் பேச்சுவாக்கில் வந்ததாக ஒதுக்காமல், தனியே விடாமல், அன்றே உதவி தேட வேண்டும்.

பலரும் யோசிக்காத ஒன்று, அஞ்சலி மேசை. வராந்தாவில் வாடிய பூக்களோடு அது வாரக்கணக்கில் கிடப்பதும், ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் காணாமற்போவதும் ஒரே அளவு வலிக்கும். எந்த நாளில் எடுக்கப்போகிறோம், பிள்ளைகள் எழுதி வைத்த கடிதங்கள் யாரிடம் போய்ச்சேரும் என்பதை மேசை வைக்கும் அன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.