என்ன ஏற்றிய வண்டி என்று கேட்டீர்களா? பழைய பிக்கப் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிக்கப், அதாவது சின்னச் சரக்கு வண்டி, பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" அடுத்தது, "கடைசி விலை என்ன?" இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்பதில்லை. இத்தனை வருஷமாக இந்த வண்டி எதை ஏற்றியது?

நாங்களும் கேட்கவில்லை. ஏழு வருஷ வண்டி, புதுப் பெயின்ட், எப்.சி., அதாவது தகுதிச் சான்று, அப்போதுதான் எடுத்திருந்தார்கள், ஓட்டிப் பார்த்தால் ஒரு சத்தம் இல்லை. வாங்கி மூன்றாம் மாதம் திண்டுக்கல் பக்கம் சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, 18 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, பிரேக் பெடல் அப்படியே உள்ளே போய்விட்டது. தம்பி இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்ததால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலையோரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டான். கீழே படுத்துப் பார்த்தால் பின்பக்க பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. மெக்கானிக் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, சுரண்டிவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இது மீன் வண்டிங்க."

மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் நாள் முழுக்கச் சரக்குத் தொட்டியிலிருந்து கீழே சொட்டும். அது சேஸிஸ், பிரேக் பைப், பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), வயரிங் சாக்கெட் என்று ஒன்றையும் விடாது. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றிய வண்டிகளும் இதே கதைதான். உர மூட்டை ஏற்றியதும் இரும்புக்கு ஆகாது. கல், எம்-சாண்ட், செங்கல் ஏற்றிய வண்டி துருப்பிடித்திருக்காது, ஆனால் முதுகு உடைந்திருக்கும். பால் வண்டி கிலோமீட்டர் நிறைய ஓடியிருக்கும், நாளுக்கு 100 கிலோமீட்டர் என்றால் வருஷத்துக்கு 36,000 வந்துவிடும். இருந்தாலும் தினமும் ஒரே ரூட், அளவான சுமை, வண்டி நின்றால் பால் கெட்டுப்போகும் என்பதால் சர்வீஸும் ஒழுங்காக நடந்திருக்கும். 60,000 ஓடிய மணல் வண்டியும் 1,50,000 ஓடிய பால் வண்டியும் பக்கத்தில் நின்றால் நான் பால் வண்டியைத்தான் எடுப்பேன்.

ஓனர் சொல்லாவிட்டால் வண்டியே சொல்லும். தொட்டியின் அடித்தகடு, பக்கப் பலகையின் ஓரம், டெயில் கேட் கீல் இங்கெல்லாம் பாருங்கள். அப்புறம் கீழே படுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டி பார்க்கப் போகாதீர்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சேஸிஸை லேசாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்டுப் பொருக்கு உதிரும்.

புதுப் பெயின்டைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. எப்.சி.க்குப் போகும்போது பெயின்ட் அடிப்பது எல்லாரும் செய்வதுதான், அதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது, ஆனால் சேஸிஸில் கறுப்பு பெயின்ட் தடிமனாக இருந்தால் அதற்குக் கீழே துருவும் இருக்கலாம், வெல்டிங்கும் இருக்கலாம். பின்பக்கப் பட்டை சேஸிஸோடு சேரும் இடத்தில் கை வைத்துத் தடவுங்கள். வெல்டிங் மேடு கையில் பட்டால் அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடலாம். பட்டை எத்தனை என்று இரண்டு பக்கமும் எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பட்டை போட்டிருந்தால், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றித்தான் பிழைப்பு நடத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கிளட்ச், கிரவுன் (பின் அச்சின் பல்சக்கரம்), வீல் பேரிங் எல்லாம் அந்த அடியை வாங்கியிருக்கும்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு "சூப்பரா இருக்கு" என்று அட்வான்ஸ் கொடுப்பதுதான் ரொம்பப் பேர் செய்வது. காலி பிக்கப் எதுவுமே நன்றாகத்தான் இழுக்கும். 20 மூட்டை சிமென்ட் ஏற்றினால் ஒரு டன். அந்த அளவுக்கு முடியாவிட்டாலும் வண்டியின் அளவுக்குத் தகுந்த ஏதாவது சுமையை ஏற்றி, ஒரு பாலம் ஏறி இறங்கிப் பார்த்தால் கிளட்ச் வழுக்குவது, கிரவுன் உறுமுவது, இன்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டின் ஜாயின்ட் கிராஸ் தட்டுவது, பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் தெரிந்துவிடும். சுமை ஏற்ற ஓனர் விடமாட்டேன் என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

இன்ஜினை எப்போதும் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காலையில் போங்கள், போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஸ்டார்ட் செய்து தயார்ப்படுத்தியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? மெக்கானிக்குகள் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள், பெரிய செலவு காத்திருக்கிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

எந்த வண்டி என்பதிலும் தவறு நடக்கிறது. 2005-ல் வந்த டாடா ஏஸ், நம் குட்டி யானை, ஊருக்குள் சந்து பொந்தெல்லாம் போய் முக்கால் டன் இறக்க அருமையான வண்டி, ஆனால் பழைய டீசல் ஏஸில் இருப்பது இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன்தான். அதை வாங்கித் தினமும் நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டினால் வண்டிக்கும் பாவம், ஓட்டுகிறவருக்கும் பாவம். அந்த வேலைக்கு ஓசூரில் செய்யும் அசோக் லேலண்ட் தோஸ்த்தோ மஹிந்திரா பொலிரோ பிக்கப்போ பாருங்கள், இரண்டுக்கும் சின்ன ஊரில்கூட மெக்கானிக்கும் சாமானும் கிடைக்கும். காராகவும் இருக்கட்டும், சாமானும் ஏற்றலாம் என்று இசுஸு வி-கிராஸ் தேடுகிறவர்கள் முதலில் வீட்டு வாசலை அளந்துவிடுங்கள், அது கிட்டத்தட்ட 5.3 மீட்டர் நீளம்.

இன்னொன்று, பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த டீசல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்று ஒரு புகை வடிகட்டி இருக்கும், அதில் சேரும் கரி எரிய வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். தினமும் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் என்றால் அது அடைத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர்கள் பெட்ரோல் வண்டி பார்ப்பது நல்லது.

சரி, பேப்பர். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரை வண்டியில் தேடிப் பிடித்து, வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் பாருங்கள், ஒரு எழுத்து மாறினாலும் வேண்டாம். ஃபைனான்ஸ் பெயர் ஏறியிருந்தால், "டியூ முடிஞ்சிருச்சு" என்ற வாய்வார்த்தை போதாது, ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்கக் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் கைக்கு வரவேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா பாருங்கள். டி போர்டு வண்டிக்கு, அதாவது வணிகப் பதிவு வண்டிக்கு, எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எப்.சி., அதற்கு மேல் வருஷா வருஷம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை, அதைத் தாண்டினால் தேவை, அதனால் ஆர்.சி.யில் அந்த எண்ணையும் படியுங்கள். லைசென்ஸ் பற்றிக் குழப்பம் வேண்டாம், எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பு சொல்லிவிட்டது.

குலதெய்வம் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கில் வாங்காதீர்கள். சரக்கு வண்டித் தொட்டியில் உட்கார்ந்து வருகிற உறவுக்காரருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. ஒரு வண்டி கவிழ்ந்தால் ஒரு குடும்பமே போகிறது, நஷ்டஈடு ஓனர் தலையில் விழுகிறது. தயவுசெய்து ஏற்றாதீர்கள்.

பணம் கொடுக்கும்போதே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிட்டு, பெயர் மாற்ற 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் கொடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். அதை விட்டுவிட்டு வண்டியை எங்காவது இடித்தால், பாலிசி உயிரோடு இருந்தும் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது.