டவர் ஃபுல்லாகக் காட்டியும் நெட் இழுக்குதா? 4ஜி ரௌட்டரின் சிக்னலை எண்ணில் பார்க்கும் முறை

சிம் போடும் 4ஜி ரௌட்டரில் எரியும் சிக்னல் விளக்குகளை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எந்த அளவுக்கு எத்தனை விளக்கு என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. இடத்தை மாற்றுவதா, ஆன்டெனா வாங்குவதா, சிம்மையே மாற்றுவதா என்பதற்கு உள்ளே இருக்கும் மோடம் அளக்கும் எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

ரௌட்டரின் வைஃபையில் இணைந்து, பிரவுசரில் அதன் முகவரியை அடியுங்கள். ஹுவாவேயில் பெரும்பாலும் 192.168.8.1, டிபி-லிங்க்கில் 192.168.1.1, ஜியோஃபையில் 192.168.225.1. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் முகவரி இருக்கும். போனில் பார்க்கிறீர்கள், பக்கம் திறக்கவில்லை என்றால் போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். உள்ளே 'ஸ்டேட்டஸ்', 'டிவைஸ் இன்ஃபர்மேஷன்', 'மொபைல் நெட்வொர்க்' என்ற பெயர்களில் ஏதோ ஒன்றின் கீழ் ஆர்எஸ்ஆர்பி, ஆர்எஸ்ஆர்கியூ, எஸ்ஐஎன்ஆர், ஆர்எஸ்எஸ்ஐ, பேண்ட் (மோடம் பிடித்திருக்கும் அலைவரிசை), பிசிஐ (மோடம் பிடித்திருக்கும் செல்லின், அதாவது டவரின் ஒரு பகுதியின், அடையாள எண்) ஆகியவை வரிசையாக இருக்கும்.

ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைச் சொல்லும் எண். மைனஸில்தான் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -80க்கு மேல் அருமை. -90 வரை நன்று, -100 வரை சமாளிக்கலாம். -110ஐத் தாண்டினால் அப்லோட்தான் முதலில் படுக்கும். டவர் பலமாக அனுப்ப முடியும்; உங்கள் மோடம் பொதுவாக 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட்டுக்கு மேல் அனுப்பாது. வீடியோ ஓடும், வீடியோ காலில் மட்டும் உங்கள் முகம் உறையும் என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 3 டெசிபெல் கூடினால் சக்தி இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. எனவே -105ஐ -99 ஆக்குவது சின்ன விஷயமல்ல.

ஆனால் டவுன்லோட் வேகத்தை முடிவு செய்வது எஸ்ஐஎன்ஆர். வேண்டிய சிக்னல், பக்கத்து டவர்களின் குறுக்கீட்டையும் இரைச்சலையும் விட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே அது. 20க்கு மேல் இருந்தால் டவர் ஒவ்வொரு குறியீட்டிலும் 6 பிட் அடைத்து அனுப்பும். பூஜ்யத்துக்கு அருகே வந்தால் 2 பிட்தான். 13க்கு மேல் இருந்தால் குறையில்லை. மைனஸில் போனால் இணைப்பு நிற்பதே பெரிது. மாடி வீட்டில், சுற்றிலும் மூன்று டவர் தெரியும் இடத்தில், ஆர்எஸ்ஆர்பி -75 என்று ஜம்மென்று காட்டும். எஸ்ஐஎன்ஆர் 2 தான் இருக்கும். 'டவர் ஃபுல், நெட் இல்லை' என்ற புகாரில் பாதி இந்த வகைதான்.

சிக்னலின் தரத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்கியூவைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும். -10க்கு மேல் நல்லது, -15க்குக் கீழ் மோசம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் உங்கள் டவரிலேயே கூட்டம் அதிகமானாலும் அது இறங்கும். வேறு குறுக்கீடே இல்லாமல் கூட -11 வாக்கில் வந்து நிற்கும்.

ஆர்எஸ்எஸ்ஐயை விட்டுவிடலாம். அந்த அலைவரிசையில் வரும் எல்லாவற்றையும், குறுக்கீடு உட்பட, கூட்டிச் சொல்லும் எண் அது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பேண்டில் ஆர்எஸ்ஆர்பியை விட 30 டெசிபெல் வரை கூடுதலாகவே தெரியும். -65 என்று பார்த்து மகிழ்ந்தால் உண்மையில் ஆர்எஸ்ஆர்பி -95 ஆக இருக்கலாம். ஏடி கட்டளை (மோடத்துக்கு நேரடியாக அடிக்கும் கட்டளை) கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு அதில் ஒன்றான சிஎஸ்கியூ தரும் 0 முதல் 31 வரையான எண்ணும் இதே ரகம்: இரண்டால் பெருக்கி 113ஐக் கழித்தால் டிபிஎம் கிடைக்கும். 99 வந்தால் மோடத்துக்கே தெரியவில்லை என்று பொருள். குவெக்டெல் கம்பெனியின் மோடம் சிலவற்றில் எஸ்ஐஎன்ஆர் 150, 180 என்று வரும். பயப்பட வேண்டாம், ஐந்தால் வகுத்து 20ஐக் கழியுங்கள். 150 என்றால் 10 டெசிபெல்.

இனி அளப்பது. ரௌட்டரை ஒரு இடத்தில் வைத்து அரை நிமிடம் விடுங்கள். எண்கள் உடனே நிலைப்பதில்லை. பிறகு பெரிய ஃபைல் ஒன்றை டவுன்லோடில் போட்டு, அது ஓடும்போதே ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், பேண்ட், பிசிஐ நான்கையும் குறியுங்கள். சும்மா இருக்கும்போது எடுத்த எண்ணையும் டவுன்லோடின் போது எடுத்ததையும் ஒப்பிடக் கூடாது. பிசிஐ மாறியிருந்தால் மோடம் வேறு செல்லுக்குத் தாவிவிட்டது. பழைய எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பிறகு அடுத்த ஜன்னல், அடுத்த மூலை, ஒரு ஆள் உயரம். கான்கிரீட் சுவருக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவே வைத்துவிட்டு ஆன்டெனா விலையை விசாரிப்பதில் பயனில்லை. எஸ்ஐஎன்ஆர் எங்கே அதிகமோ அங்கே வையுங்கள், அங்கே ஆர்எஸ்ஆர்பி நாலைந்து டெசிபெல் குறைந்தாலும் சரி.

பேண்டையும் கவனியுங்கள். இந்தியாவில் பேண்ட் 5 (850 மெகாஹெர்ட்ஸ்), பேண்ட் 8 (900) இரண்டும் சுவரை நன்றாகத் துளைக்கும், ஆனால் அகலம் குறைவு. பேண்ட் 3 (1800), பேண்ட் 40 (2300) இரண்டிலும் வேகம் அதிகம் கிடைக்கலாம். வீட்டுக்குள் வருவதற்குள் தேய்ந்துவிடும். பலமான சிக்னலைப் பார்த்து மோடம் பேண்ட் 5ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பேண்ட் லாக் (நாம் சொல்லும் பேண்டை மட்டும் பிடிக்க வைக்கும்) வசதி உள்ள ரௌட்டரில் பேண்ட் 40ஐ மட்டும் விட்டுப் பாருங்கள். சிக்னல் எண் குறைந்து வேகம் கூடுவதும் உண்டு. எல்லா எண்ணும் நன்றாக இருந்து, இரவு எட்டு மணிக்கு மட்டும் இழுக்கிறது, விடியற்காலையில் பறக்கிறது என்றால் அது டவரின் நெரிசல். ஆன்டெனா அதைத் தீர்க்காது. வேறு பேண்டோ வேறு கம்பெனி சிம்மோதான் வழி.

ஆர்எஸ்ஆர்பி -105க்குக் கீழே போய், இடம் மாற்றியும் ஏறவில்லை என்றால்தான் வெளி ஆன்டெனா. டவர் பக்கம் திருப்பும் ரகமாக இரண்டு வாங்குங்கள், அல்லது இரட்டைக் கேபிள் உள்ள ஒன்று. மோடம் ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டெனா வழியாகச் சிக்னலை வாங்கும், அதனால் இரண்டு வழியும் வேண்டும். கேபிளில் கஞ்சத்தனம் காட்டினால் எல்லாம் வீண்: ஆர்ஜி-58 கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு 7 டெசிபெல்லுக்குக் குறையாமல் விழுங்கும், 8 டெசிபெல் ஆன்டெனா வாங்கிய காசு கேபிளிலேயே போய்விடும். எல்எம்ஆர்-400 என்றால் அதே தூரத்துக்கு 2 டெசிபெல்தான். மாட்டிய பிறகு ஆர்எஸ்ஆர்பி ஏறாமல் தடாலென்று இறங்கினால், முதலில் செட்டிங்கில் வெளி ஆன்டெனா தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து கனெக்டர். வைஃபை ஆன்டெனாவின் ஆர்பி-எஸ்எம்ஏவும் 4ஜி போர்ட்டின் எஸ்எம்ஏவும் ஒரே மரைதான், சிக்கலில்லாமல் திருகிக்கொள்ளும். ஆனால் இரண்டு பக்கமும் நடுவில் ஓட்டைதான் இருக்கும், ஊசி இருக்காது. ஆன்டெனா முனையின் நடுவில் ஊசி தெரிந்தால்தான் அது 4ஜி போர்ட்டுக்கு உரியது.