ஆவர்த்தன அட்டவணை: அம்புக்குறியை நம்பி ஏமாறும் இடங்கள்

"இடமிருந்து வலமாகப் போவதால் அணு ஆரம் குறைகிறது." பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களில் இந்த வரியைப் பார்க்காமல் இருக்க முடியாது. இது காரணமே இல்லை. இடம், வலம் என்பதெல்லாம் தாளில் நாம் போட்டு வைத்த கட்டம். தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று சோடியம் அணுவுக்குத் தெரியாது. அட்டவணையின் மேல் வரைந்த இரண்டு அம்புக்குறிகளை (வலப்பக்கம் போனால் ஆரம் குறையும், கீழே போனால் கூடும்) மனப்பாடம் செய்துவிட்டு அதையே காரணமாக எழுதுவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

நடப்பது என்ன? சோடியத்திலிருந்து குளோரின் வரை புரோட்டான்கள் 11-லிருந்து 17 ஆகின்றன. கூடவே எலக்ட்ரான்களும் கூடுகின்றனதான், ஆனால் அவை புதிதாக ஒரு கூட்டை (அணுக்கருவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் அடுக்கை) தொடங்குவதில்லை, அதே மூன்றாவது கூட்டில்தான் போய்ச் சேருகின்றன. ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றையொன்று அணுக்கருவின் இழுப்பிலிருந்து அவ்வளவாக மறைப்பதும் இல்லை. உள்ளே மறைத்து நிற்பவை அதே 10 எலக்ட்ரான்கள்தான். ஆக இழுப்பு கூடுகிறது, ஆரம் சோடியத்தில் 186 பிக்கோமீட்டராக இருந்தது குளோரினில் 99 ஆகிவிடுகிறது. "எலக்ட்ரான் கூடினால் அணு பெரிதாகத்தானே வேண்டும்" என்று தோன்றுகிறவர்கள் எலக்ட்ரானை மட்டும் எண்ணி, புரோட்டானை மறந்துவிடுகிறார்கள்.

இதன் மறுபக்கமாக இன்னொரு தவறு: தொகுதியில், அதாவது அட்டவணையின் ஒரே நெடுவரிசையில், கீழே போனால் அணுக்கரு மின்சுமை குறைகிறது என்று எழுதுவது. லித்தியத்தில் புரோட்டான் 3, சீசியத்தில் 55. எங்கே குறைந்தது? கூடுகள் கூடி, வெளி எலக்ட்ரான் தூரமாகப் போய்விட்டது, நடுவில் மறைக்க நிறையப் பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அயனியாக்கும் ஆற்றலுக்கு, அதாவது வாயு நிலை அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைக் கழற்றத் தேவைப்படும் ஆற்றலுக்கு, வருவோம். வரிசையில் போகப் போக அது ஒரே சீராக ஏறும் என்று நினைத்துத்தான் நுழைவுத் தேர்வுகளில் மதிப்பெண்ணைத் தொலைக்கிறார்கள். மோலுக்கு பெரிலியம் 899 கிலோஜூல், அடுத்த போரான் 801. நைட்ரஜன் 1402, அடுத்த ஆக்சிஜன் 1314. போரானில் கழற்ற வேண்டியது 2பி எலக்ட்ரான் (எஸ், பி, டி, எஃப் என்பவை ஒரு கூட்டுக்குள் இருக்கும் உட்கூடுகள்). அது பெரிலியத்தின் 2எஸ் எலக்ட்ரானை விட ஆற்றல் கூடிய இடத்தில் இருப்பதால் எளிதாக வந்துவிடும். ஆக்சிஜன் கதை வேறு. "பாதி நிரம்பியது நிலையானது" என்று ஒரு வரி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் விஷயம் இதுதான்: நைட்ரஜனின் மூன்று 2பி எலக்ட்ரான்களும் ஆளுக்கொரு ஆர்பிட்டாலில் (இரண்டு எலக்ட்ரான் வரை கொள்ளும் இடம்) தனியாக இருக்கின்றன, ஆக்சிஜனில் நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஆர்பிட்டாலில் போய் ஜோடி சேர வேண்டியிருக்கிறது, அந்த இரண்டுக்குள்ளும் உள்ள விலக்கத்தால் ஒன்றை எடுப்பது எளிதாகிறது.

இதைப் புரிந்துகொண்டவரா, வெறும் மனப்பாடமா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். ஆக்சிஜன், ஃபுளூரின் இரண்டில் எதற்கு இரண்டாம் அயனியாக்கும் ஆற்றல், அதாவது இரண்டாவது எலக்ட்ரானைக் கழற்றும் ஆற்றல், அதிகம்? ஃபுளூரின் என்று சொல்லத்தான் கை போகும். உண்மையில் ஆக்சிஜனுக்கு 3388, ஃபுளூரினுக்கு 3374. ஒரு எலக்ட்ரான் போனபின் ஆக்சிஜன் அயனி நைட்ரஜனின் எலக்ட்ரான் அமைப்பிலும், ஃபுளூரின் அயனி ஆக்சிஜனின் அமைப்பிலும் வந்து நிற்கின்றன. கேள்வியில் "இரண்டாம்" என்று இருந்தால் முதலில் அயனியின் அமைப்பை எழுதிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

எலக்ட்ரான் நாட்டமும் எலக்ட்ரான் கவர்தன்மையும் ஒன்று என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. முதலாவது, தனியாக வாயு நிலையில் இருக்கும் அணு ஒரு எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல். மற்றது, பிணைப்பில் இருக்கும்போது பொது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் போக்கு. கவர்தன்மையில் ஃபுளூரின்தான் முதலிடம். நாட்டத்திலோ குளோரின் 349, ஃபுளூரின் 328 கிலோஜூல். ஃபுளூரின் அணு அத்தனை சிறியது, ஏற்கெனவே நெருக்கியடித்து இருக்கும் எலக்ட்ரான்கள் புதிதாக வருவதை விலக்குகின்றன.

இரும்பில் இன்னொரு கண்ணி. 4எஸ் முதலில் நிரம்புகிறது, 3டி பிறகு, ஆகவே கடைசியில் வந்த 3டி எலக்ட்ரான்தான் முதலில் போகும் என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை, 4எஸ்தான் முதலில் காலியாகும். இரும்பு அணுவில் 3டி-யில் ஆறு, 4எஸ்-இல் இரண்டு. மூன்று எலக்ட்ரான் இழந்த அயனியில் 3டி-யில் ஐந்து, 4எஸ் வெறுமை. நிரம்பும் வரிசையைத் திருப்பிப் போட்டால் இழக்கும் வரிசை வராது.

"எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்பதற்காக சோடியம் விரும்பிக் கொடுக்கிறது" என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வாக்கியம். சோடியத்திடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. குளோரின் அதை வாங்கித் திருப்பித் தருவது 349. இங்கேயே 147 நஷ்டம்! வாயு நிலை அயனிகள் படிகமாகச் சேரும்போது வெளிவரும் ஏறத்தாழ 787 கிலோஜூல்தான் கணக்கை நேர் செய்கிறது.

மந்த வாயுவின் ஆரம் அதே வரிசை ஹாலஜனை (ஃபுளூரின், குளோரின் போன்றவை) விடப் பெரிதாகப் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், அது வேறு வகை அளவீடு. வாண்டர் வால்ஸ் ஆரத்தையும் (பிணையாமல் அருகருகே நிற்கும் அணுக்களில் அளப்பது) சகப்பிணைப்பு ஆரத்தையும் (பிணைந்த அணுக்களில் அளப்பது) பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

கீழே போனால் பெரிதாகும் என்ற அம்புக்குறியும் எல்லா இடத்திலும் செல்லாது. உலோக ஆரத்தில் அலுமினியம் 143, அதற்குக் கீழே உள்ள காலியம் 135. நடுவில் பத்து டி எலக்ட்ரான்கள் வந்து சேர்ந்தன, அவை சரியாக மறைப்பதில்லை. சிர்கோனியம் 160, ஹாஃப்னியம் 159, இங்கே சரியாக மறைக்காதவை எஃப் எலக்ட்ரான்கள். அளவும் குணமும் இப்படி ஒத்துப்போவதால் இவை இரண்டையும் பிரிப்பது பெரும் பாடு. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கோனியத் தாதுவான சிர்கானிலும் ஹாஃப்னியம் சேர்ந்தேதான் வரும். அணு உலை எரிபொருள் குழாய்க்கு சிர்கோனியம் வேண்டுமென்றால் அதைப் பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஹாஃப்னியம் நியூட்ரான்களை விழுங்கிவிடும்.